வீட்டு பீர் லைனைக் கழுவுவது எப்படி?

முதலில் ஒரு சின்னச் சோதனை. நீங்கள் காய்ச்சிய பீரை வழக்கமான குழாயில் ஒரு கிளாஸ் பிடியுங்கள். அப்புறம் ஒரு புது பிக்னிக் டேப்பை, அதாவது கையில் பிடித்து அழுத்துகிற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் குழாயை, அதே கெக்கில், அதாவது பீரை அடைத்து வைத்திருக்கும் உலோகப் பீப்பாயில், நேராக மாட்டி இன்னொரு கிளாஸ் பிடியுங்கள். நுரை பொங்கிக்கொண்டு வரும், அடங்கும்வரை பொறுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். ருசி ஒன்றாக இருந்தால் உங்கள் லைன், அதாவது கெக்கிலிருந்து குழாய்க்கு பீரைக் கொண்டுவரும் டியூப், சுத்தமாக இருக்கிறது. வித்தியாசம் தெரிந்தால் மேலே படியுங்கள்.

இந்தச் சோதனையை எனக்குக் காட்டியவர் பக்கத்துத் தெரு நண்பர். அதற்குள் நான் மூன்று பேட்ச் பேல் ஏல் வகை பீரைக் கொட்டிவிட்டிருந்தேன். பீர் நொதிக்கும் ஃபெர்மென்டரில் ருசி பார்க்கும்போது நன்றாக இருக்கும், குழாய்க்கு வந்ததும் லேசான புளிப்பு, கூடவே தியேட்டர் பாப்கார்னில் வருமே, அந்த வெண்ணெய் வாடை. ஈஸ்ட்டை மாற்றினேன், மால்ட்டை மாற்றினேன், தண்ணீரைக்கூடக் கடையில் வாங்கி ஊற்றிக் காய்ச்சினேன். நண்பர் வந்து குழாயைக் கழற்றி, காது குடைகிற பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில், வெண்டைக்காய் வெட்டிய கத்தியில் இழுக்குமே அதுபோல நூல் இழுத்துக்கொண்டு, ஒரு கொழகொழப்பு. மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் செய்த பீர் ஒவ்வொரு கிளாஸும் அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. பீரில் ஒரு குறையும் இல்லை, கடைசி மூன்று மீட்டரில்தான் அத்தனையும் கெட்டது.

பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கெக்கின் மேல் மாட்டிக் கழற்றுகிற கறுப்பு மூடி டிஸ்கனெக்ட். அதிலிருந்து போகும் டியூப்தான் லைன். பீர் வெளியே வரும் இடத்தைக் குழாய் என்றே எழுதுகிறேன். இங்கே நான் சொல்வது ஃப்ரிட்ஜுக்குள் 19 லிட்டர் கார்னி கெக், பால்-லாக் (ball-lock) வகை டிஸ்கனெக்ட், கதவிலோ மேலேயோ குழாய் என்ற சாதாரண வீட்டு அமைப்புக்கு. நான் இருப்பது டல்லாஸில். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசின் தடையில்லை, பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை காய்ச்சலாம். தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம், அங்கிருந்து படிப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, என்ன சேர்கிறது

பீரில் எப்போதும் கொஞ்சம் ஈஸ்ட், புரதம், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப் பூவின் பிசின் மிதந்துகொண்டே இருக்கும். இவை டியூபின் உள்சுவரில் ஒட்டி மெல்லிய படலம் ஆகும். தண்ணீர் டிரம்மைப் பத்து நாள் தேய்க்காமல் விட்டால் உள்ளே கை வழுக்குமே, அந்த மாதிரி. அந்தப் படலத்துக்குள் பாக்டீரியா குடியேறும். புளிப்பு கொடுப்பது லாக்டோபேசிலஸ், இட்லி மாவைப் புளிக்கவைக்கும் கூட்டத்துக்குச் சொந்தம்தான், மாவில் நமக்கு வேண்டியது பீரில் வேண்டாதது. வெண்ணெய் வாடை பெரும்பாலும் பீடியோகாக்கஸின் வேலை, அது டயசெட்டில் என்ற பொருளை உண்டாக்கும். வினிகர் வாடை வந்தால் அசிட்டோபேக்டர். இதற்குக் காற்று வேண்டும் என்பதால் குழாயின் வாயில்தான் முதலில் பிடிக்கும்.

இரண்டாவது வகை கல். பீரில் இருக்கும் ஆக்ஸலேட்டும் கால்சியமும் சேர்ந்து கால்சியம் ஆக்ஸலேட்டாகப் படியும், இதை பீர் ஸ்டோன் என்பார்கள். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அது சொரசொரப்பாக இருப்பதால் அழுக்குக்குப் பிடிமானம் கிடைக்கிறது, கரைந்திருக்கும் வாயுவும் அந்த முனைகளில் குமிழாகப் பிரிந்து நுரையாகிறது. நிறையப் பேர் பிரஷரைக் கூட்டிக் குறைத்து நுரையோடு மல்லுக்கட்டுகிறார்கள், லைன் நீளத்தையும் மாற்றிப் பார்க்கிறார்கள், ஆனால் பிரச்சினை உள்ளே படிந்த கல்லாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. படலத்தை எடுப்பது காரம், அதாவது காஸ்டிக் வகை லைன் கிளீனர். கல்லை எடுப்பது அமிலம். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. ஸ்டார் சான் போன்ற சானிடைசரோ இரண்டையுமே செய்யாது, சுத்தமான இடத்தில் மிச்சமிருக்கும் கிருமியைத்தான் அது கொல்லும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கெக் மாற்றும்போது ஸ்டார் சானை ஒரு முறை ஓட்டிவிட்டு லைனைக் கழுவியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எச்சில் தட்டைக் கழுவாமல் அதன்மேல் டெட்டால் தெளித்துச் சோறு போட்டால் எப்படி இருக்கும்?

ஒரு கணக்கு

உள்விட்டம் 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர் உள்ள வினைல் டியூப் மூன்று மீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் எவ்வளவு பீர் பிடிக்கும்? வெறும் 53 மில்லி. ஈவாபேரியர் என்ற பிராண்ட் மாதிரி 4 மில்லிமீட்டர் டியூபாக இருந்தால் 38 மில்லிதான். நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து லைன் கழுவச் சோம்பல் பட்டதில்லை. பாதிக் கெக்கில் லைனைக் கழுவினால் பீர் வீணாகுமே என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன், வீணாவது அரை டம்ளர்கூட இல்லை. கெக்கைத் திறக்கவே வேண்டாம், டிஸ்கனெக்டை மட்டும் கழற்றினால் போதும், கெக் தானாக மூடிக்கொள்ளும். அதேபோல ஒரு லிட்டர் கரைசல் கலக்கினால் அந்த லைனை ஏறக்குறைய இருபது முறை நிரப்பலாம்.

வாங்க வேண்டியவை

அதிகம் இல்லை. கார்பனேஷன் கேப் என்று ஒரு சின்ன மூடி கிடைக்கும், சாதாரண சோடா பாட்டிலின் வாயில் திருகினால் அந்த பாட்டிலே ஒரு குட்டிக் கெக் மாதிரி ஆகிவிடும், மேலே உங்கள் டிஸ்கனெக்டை மாட்டலாம். இதுதான் வீட்டில் லைன் கழுவ நான் பார்த்ததிலேயே எளிய கருவி. இரண்டு லிட்டர் பெட் பாட்டில் இரண்டு. ஒரு காஸ்டிக் லைன் கிளீனர், பி.எல்.சி. என்ற பெயரில் வருவது பரவலாகக் கிடைக்கிறது. காஸ்டிக் வேண்டாம் என்றால் பி.பி.டபிள்யூ. பவுடரும் ஆகும், ஆனால் பவுடர் கடைசித் துகள்வரை கரைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்கனெக்டின் ஊசித் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். சானிடைசர், அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பி.எச். காகிதம், குழாய் கழற்றும் ஸ்பேனர், சின்ன நைலான் பிரஷ், உணவுக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ். அப்புறம் ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கடைசி இரண்டும் கட்டாயம். அழுத்தம் கொடுத்துத் தள்ளும்போது ஒரு துளி காஸ்டிக் தெறித்துக் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து.

தண்ணீரில்தான் கெமிக்கலை ஊற்ற வேண்டும், கெமிக்கலில் தண்ணீரை ஊற்றக் கூடாது. காஸ்டிக்கையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. பிளீச் பக்கம் போகவே வேண்டாம். குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும், மிச்சம் இருந்தால் பீரில் பேண்ட்-எய்ட் வாடை அடிக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம், அது விட்டுப்போகும் பிசுக்கில் நுரை நிற்காது. முக்கியமாக இன்னொன்று: கரைசல் ஊற்றிய சோடா பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, பெரிய எழுத்தில் விஷம் என்று நான்கு பக்கமும் எழுதுங்கள். வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சோடா பாட்டிலில் காஸ்டிக்கை ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள்.

கழுவும் நாள்

டிஸ்கனெக்டைக் கெக்கிலிருந்து கழற்றுங்கள். குழாய்க்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் நிரப்பி, கேப்பைத் திருகி, டிஸ்கனெக்டை மாட்டி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு கையாலும் பாட்டிலை அமுக்குங்கள். முதலில் பீர் வரும், அப்புறம் நுரைத்துக் கலங்கலாக, பிறகு தெளிந்த தண்ணீர். பாட்டில் நசுங்கி இனி அமுங்காது என்ற நிலை வந்தால் குழாயை மூடி, டிஸ்கனெக்டை எடுத்து, கேப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள், காற்று உள்ளே போய் பாட்டில் பழைய உருவத்துக்கு வரும்.

பீரைத் தண்ணீரால் தள்ளாமல் நேராகக் காஸ்டிக்கை விடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பீரில் கரைந்துள்ள கரியமில வாயு காஸ்டிக்கோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறும், கரைசலின் வீரியம் அங்கேயே போய்விடும். இதனால்தான் காஸ்டிக்கைக் காலிக் கெக்கில் ஊற்றி சி.ஓ.2 சிலிண்டரால் தள்ளுவதும் எனக்குப் பிடிக்காது. கையால் அமுக்குவதே நல்லது. கை வலிக்கிறது என்றால் கார்பனேஷன் கேப்பின் அடியில் இருக்கும் மூக்கில் ஒரு டியூபைச் செருகி, மறுமுனையை வாளியில் மூழ்கிய சின்ன பம்பில் மாட்டி, குழாயிலிருந்து வருவதை அதே வாளிக்குத் திருப்பி ஓடவிடலாம். நான்கு குழாய் வைத்திருப்பவர்களுக்கு பம்ப் இல்லாமல் கட்டுப்படியாகாது.

இனி கிளீனர். கையில் தாங்குகிற சூட்டில், அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவில், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, டப்பாவில் சொன்ன அளவு கலக்குங்கள். என்னிடம் இருக்கும் பி.எல்.சி.க்கு லிட்டருக்கு ஏறக்குறைய 15 மில்லி. இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் இன்னும் சுத்தமாகும் என்று தோன்றும், ஆகாது, அலசுவதுதான் கடினமாகும். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், பெட் பாட்டில் சுருங்கிவிடும், வினைல் டியூப் இளகி இணைப்பிலிருந்து வழுவிவிடும்.

கரைசலைத் தள்ளி லைன் முழுக்க நிரப்பிக் குழாயை மூடுங்கள். ஐந்து நிமிஷம் ஊறட்டும். பிறகு ஒரு அரை டம்ளர், சுமார் 100 மில்லி, வெளியே விடுங்கள். நமது 53 மில்லிக் கணக்கின்படி லைனில் இருந்தது முழுக்க வெளியேறி, புதுக் கரைசல் வந்துவிட்டது. மறுபடி ஐந்து நிமிஷம். இப்படி நான்கு தடவை, மொத்தம் 20 நிமிஷம். பம்ப் வைத்து ஓடவிட்டால் 15 நிமிஷம் போதும். முதல் தடவை வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ரொம்ப நாள் கழுவாத லைனாக இருந்தால் டீத்தண்ணீர் நிறத்தில், நடுவே முட்டைக் கருவின் சவ்வு மாதிரி மெல்லிய துணுக்குகள் சுழன்றுகொண்டு வரும். அதை ஒரு முறை பார்த்தவர் அடுத்த முறை தேதியை மறக்க மாட்டார்.

நான்காவது தடவையும் நிறம் வந்தால் புதுக் கரைசல் கலக்கி மறுபடி செய்யுங்கள், அவசரப்பட வேண்டாம்.

அலசுவது. குளிர்ந்த சுத்தமான தண்ணீர் குறைந்தது இரண்டு லிட்டர், அத்தனையும் அந்த லைன் வழியாகப் போக வேண்டும். போதுமா என்று நாக்கால் பார்க்காதீர்கள். பி.எச். காகிதத்தை முதலில் வீட்டுத் தண்ணீரில் நனைத்து நிறம் பாருங்கள், பிறகு குழாயிலிருந்து வரும் தண்ணீரில் நனையுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் முடிந்தது. இல்லையென்றால் இன்னும் ஒரு லிட்டர்.

குழாயும் டிஸ்கனெக்டும்

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அழுக்கு டியூபில் இருப்பதில்லை, இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. டியூப் ஃப்ரிட்ஜுக்குள் 3 அல்லது 4 டிகிரியில் இருக்கிறது, எப்போதும் பீர் நிறைந்திருக்கிறது. குழாயோ வெளியே, டல்லாஸ் ஆகஸ்ட் மாதத்தில் என் கராஜில் 40 டிகிரி வெயிலில், ஒரு பக்கம் பீரும் ஒரு பக்கம் காற்றுமாக நிற்கிறது. கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கிளீனரை உள்ளே ஓடவிட்டால் மட்டும் அது போகாது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஸ்பேனரின் மூக்கைக் குழாயின் பின்னால் இருக்கும் வளையத்தின் துளையில் கோத்து, எதிரே நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்புங்கள். ஆமாம், வழக்கத்துக்கு நேர்மாறு, கழற்ற வலப்பக்கம். இது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு எதிர்ப்பக்கம் இறுக்கிவிட்டு குழாயைக் கதவில் பிடித்திருக்கும் ஷாங்க்கையே சேர்த்துச் சுற்றிவிடுபவர்கள் உண்டு. கையில் வந்ததும் கைப்பிடி, அதன் கீழ் வளையம், வாஷர், உள்ளே இருக்கும் தண்டு என ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். முதல் தடவை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனையையும் வெதுவெதுப்பான கிளீனரில் 20 நிமிஷம் ஊறவைத்து, பிரஷால் உள்ளும் புறமும் தேய்த்து அலசுங்கள். தண்டின் ரப்பர் வாஷருக்குக் கீழே விரல் நகத்தால் ஒரு முறை சுரண்டிப் பாருங்கள், கறுப்பாக வந்தால் அந்த வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

பழைய மாதிரிக் குழாய்களில் பீரை அடைக்கிற வாஷர் பின்னால் இருக்கும், ஒவ்வொரு முறை மூடிய பிறகும் முன்பகுதி காய்ந்து பிசுபிசுக்கும், மறுநாள் கைப்பிடி ஒட்டிக்கொள்ளும். முன்பக்கமே அடைபடும் வகைக் குழாய் கொஞ்சம் விலை கூடுதல், ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பீர் பிடிக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. புதிதாக வாங்குபவர் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

டிஸ்கனெக்டின் தலையில் ஒரு திருகு மூடி இருக்கும். ஒரு காசையோ தட்டை ஸ்க்ரூடிரைவரையோ வைத்துத் திருப்பினால் திறக்கும், உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி. அதே கிளீனரில் போட்டு ஊறவையுங்கள். ஸ்பிரிங் சிங்க் துளைக்குள் ஓடிவிடும், கிண்ணத்தின் மேலேயே வைத்துக் கழற்றுங்கள். கெக் காலியாகியிருந்தால் அதன் போஸ்ட் (டிஸ்கனெக்ட் மாட்டும் முனை), டிப் டியூப் (கெக்குக்குள் இறங்கும் குழல்), ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களுக்கும் இதே குளியல், ஆனால் முதலில் கெக்கின் அழுத்தத்தை முழுக்க வெளியே விட்ட பிறகுதான் போஸ்ட்டைத் தொட வேண்டும். காய்ந்த ஓ-ரிங்குக்கு ஒரு பொட்டு சிலிகான் கிரீஸ்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு கடைசியாக சானிடைசர். ஸ்டார் சான் என்றால் 19 லிட்டருக்கு 30 மில்லி, அதாவது லிட்டருக்கு ஒன்றரை மில்லி. லைன் நிறைய விட்டு இரண்டு நிமிஷம் வைத்திருங்கள், அலச வேண்டாம். கெக்கை மாட்டி முதலில் வரும் 100 மில்லியைக் கீழே விட்டுவிட்டுக் குடிக்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

அமெரிக்க பிரூவர்ஸ் அசோசியேஷனின் டிராஃப்ட் பீர் கையேடு பார்களுக்கு 14 நாள் என்று சொல்கிறது. காஸ்டிக் கழுவலும் குழாயைக் கழற்றித் தேய்ப்பதும் அதே 14 நாள், அமிலக் கழுவல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டுக்கு நான் சொல்வது இது: கெக் மாற்றும் ஒவ்வொரு முறையும் முழுக் கழுவல், ஒரு கெக் நான்கு வாரத்தைத் தாண்டினால் நடுவில் ஒரு முறை. வீட்டில் கொஞ்சமாகத்தானே குடிக்கிறோம், அழுக்கும் கொஞ்சமாகத்தானே சேரும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் பீர் ஓடாமல் நின்ற லைன்தான் சீக்கிரம் கெடுகிறது. வெயில் காலத்தில் குழாயை மட்டுமாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள்.

அமிலக் கழுவலும் இதே முறைதான், பாஸ்பாரிக் அமிலம் உள்ள லைன் கிளீனரை வைத்து 15 முதல் 20 நிமிஷம். காஸ்டிக்கால் கழுவி, பி.எச். சரியாகும்வரை அலசிய பிறகே அமிலம். படலத்தை எடுக்காமல் அமிலத்தை விட்டால் அது கல்லைத் தொடவே தொடாது.

வினைல் டியூபை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். மலிவான பொருள், அதைக் காப்பாற்ற நேரம் செலவிடுவது வீண். வெளிச்சத்தில் பார்க்கும்போது மங்கலாக இருந்தாலோ, அலசிய பிறகும் முகர்ந்தால் வாடை வந்தாலோ வருஷம் ஆகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சவர் பீர், பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் போட்ட பீர், ரூட் பீர் ஓடிய டியூபில் மறுபடி லாகர் விடாதீர்கள், அந்த வாசனை வினைலுக்குள்ளேயே ஊறிவிடும். அவற்றுக்குத் தனி டியூப், தனி ஓ-ரிங், தனிக் குழாய். கெக் காலியாகி அடுத்த பேட்ச் தயாராகவில்லை என்றால் லைனைக் கழுவி, தண்ணீரை ஊதி வெளியேற்றி, காயவைத்துத் தொங்கவிடுங்கள், சானிடைசரில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டாம்.

தினசரி வேலை அரை நிமிஷம்தான். பீர் பிடிக்கும்போது குழாயின் மூக்கை பீருக்குள் முக்காதீர்கள். ராத்திரி கடைசிக் கிளாஸுக்குப் பிறகு ஒரு ஸ்பிரே பாட்டிலால் குழாயின் வாய்க்குள் தண்ணீரும், பிறகு ஸ்டார் சானும் அடியுங்கள். பிறகு ஒரு ரப்பர் மூடி. வாழைப்பழத்தைச் சுற்றும் சின்னப் பழ ஈக்கள்தான் அசிட்டோபேக்டரைக் கொண்டுவந்து சேர்ப்பவை, பீர் வாசனைக்கு அவை எங்கிருந்தாலும் வந்துவிடும்.

சி.ஓ.2 சிலிண்டரிலிருந்து கெக்குக்கு வரும் கேஸ் லைனை மாதத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். உள்ளே பழுப்பாக ஏதாவது தெரிந்தால் பீர் பின்னோக்கி ஏறியிருக்கிறது, அதையும் கழுவி, ஒரே பக்கமாக மட்டும் போகவிடும் ஒரு செக் வால்வு போடுங்கள்.

என் ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கம் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறேன். அதில் இரண்டே தேதி: கடைசியாகக் காஸ்டிக் விட்டது, கடைசியாக அமிலம் விட்டது. புது கெக்கை உள்ளே தூக்கி வைக்கக் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும்.